பேட்டரியைச் சின்னதாக்குங்கள்: சோலார், காற்றாடி, சேமிப்பு மூன்றையும் இணைக்கும் கணக்கு

சோலாரும், காற்றில் சுழன்று மின்சாரம் தரும் காற்றாடியும், பேட்டரியும் சேர்த்துப் போட வேண்டும் என்று வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை கிலோவாட் போடலாம்?" பதிலுக்கு நான் கேட்பது: "பொழுது சாய்ந்ததிலிருந்து விடிகிறவரை வீட்டில் என்னென்ன ஓடுகிறது?" பெரும்பாலும் பதில் வராது. ஆனால் செலவைத் தீர்மானிப்பது அந்தப் பதில்தான்.

பேனல் இன்று மலிவு. 2010க்குப் பிந்தைய பத்தாண்டில் அதன் விலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. பேட்டரி விலையும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இருந்தாலும் ஊர் லைன் இல்லாமல் தனித்து இயங்கும் அமைப்பில் பணத்தை அதிகம் விழுங்குவதும், முதலில் தேய்ந்து மாற்ற வேண்டி வருவதும் பேட்டரிதான். அதனால் நான் போடும் கணக்கெல்லாம் ஒரே திசையில் போகும்: பேட்டரியை எப்படிச் சின்னதாக்குவது? காற்றாடி வேண்டுமா, வேண்டாமா என்பதைக்கூட அதை வைத்துத்தான் முடிவு செய்வேன்.

இது இன்று வந்த தலைவலி இல்லை. 1888இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சார்லஸ் பிரஷ் என்பவர் தன் வீட்டுத் தோட்டத்தில் 17 மீட்டர் விட்டமும் 144 தகடுகளும் கொண்ட காற்றாடியை நிறுத்தி, நிலவறையில் பேட்டரிகளை அடுக்கி, வீட்டுக்கு விளக்கு எரித்தார். அவ்வளவு பெரிய யந்திரம் கொடுத்தது அதிகபட்சம் 12 கிலோவாட். ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் டென்மார்க்கின் அஸ்கோவில் போல் லா கூர் என்ற விஞ்ஞானி, காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனாகச் சேர்த்து வைத்தார். காற்று அடிக்கும்போது எடுப்பது அன்றைக்கே சுலபம். அடிக்காதபோது என்ன செய்வது என்பதுதான் அவர்களுக்கும் பாடு.

முதலில் லோடு

ஒரு தாளில் ஒவ்வொரு கருவியின் வாட்டையும், அது ஒரு நாளில் ஓடும் நேரத்தையும் எழுதுங்கள். இரண்டையும் பெருக்கி 1000ஆல் வகுத்தால் யூனிட். ஃபிரிட்ஜ் போல விட்டுவிட்டு ஓடுகிறவற்றுக்கு முதுகில் அச்சிட்டிருக்கும் வாட்டை நம்ப வேண்டாம். பிளக்குக்கும் சுவருக்கும் நடுவே செருகும் சிறிய மின்மீட்டர் ஒன்றை வாங்கி ஒரு முழு நாள் விட்டுப் பாருங்கள்.

நான் கணக்குச் சொல்லித்தர எடுத்துக்கொள்ளும் வீடு இது:

ஃபிரிட்ஜ்: 1 யூனிட்
9 வாட் எல்.இ.டி. விளக்கு எட்டு, 5 மணி நேரம்: 0.36
30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகை) மூன்று, 12 மணி நேரம்: 1.08
750 வாட் தண்ணீர் மோட்டார், 1 மணி நேரம்: 0.75
டிவி, லேப்டாப், வைஃபை ரூட்டர்: 0.81
வாஷிங் மெஷின்: 0.5
இன்வெர்ட்டர் தானே தின்பது, 30 வாட், 24 மணி நேரமும்: 0.72

மொத்தம் 5.22 யூனிட். கடைசி வரியை யாரும் எழுதுவதில்லை. எந்த லோடும் இல்லாமல் வெறுமனே விழித்திருப்பதற்கே இன்வெர்ட்டர் மின்சாரம் எடுக்கும். தேவைக்கு மிஞ்சிய பெரிய இன்வெர்ட்டர் வாங்கினால் அது இன்னும் கூடும். ஆகவே வாங்கும்போது "சும்மா இருக்கையில் எத்தனை வாட் எடுக்கும்?" என்று கேளுங்கள்.

இப்போது ஒவ்வொரு வரியையும் பகல், இரவு என்று பிரியுங்கள். இந்த வீட்டில் இரவுக்கு 2.5, பகலுக்கு 2.7 வருகிறது. மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் மத்தியானத்துக்குத் தள்ளியதால்தான் இரவு இவ்வளவோடு நிற்கிறது. இரண்டையும் ராத்திரியில் ஓட்டுகிற வீடாக இருந்தால் 3.75 ஆகியிருக்கும். அந்த 1.25 யூனிட்டை ஒரு சாதாரண டைமர் மிச்சப்படுத்திவிடுகிறது. மேலே ஏற்றிய தண்ணீர்கூட சேமிப்புதான்; அதற்குத் தேய்மானம் கிடையாது.

ஃபேனையும் கவனியுங்கள். பழைய 75 வாட் ஃபேன் மூன்று இருந்தால் 1.08க்குப் பதில் 2.7 யூனிட். வித்தியாசம் 1.6 யூனிட், அதில் பெரும்பங்கு இரவில். பேனல் வாங்கும் முன் ஃபேனை மாற்றுங்கள் என்று சொன்னால் சிலருக்குச் சப்பென்று போய்விடுகிறது. ஆனாலும் நான் சொல்வதை நிறுத்துவதில்லை.

சூரியனுக்கு மோசமான மாதம்

ஆண்டுச் சராசரி என்ற எண்ணை ஒதுக்கி வையுங்கள். உங்களுக்கு வேண்டியது மாதவாரியாக, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கிறது என்ற எண். ஒரு சதுர மீட்டரில் 1000 வாட் விழுவதுதான் இங்கே முழு வெயில். குளோபல் சோலார் அட்லஸ், நாசா பவர், ஐரோப்பிய ஆணையத்தின் பி.வி.ஜி.ஐ.எஸ். போன்றவற்றில் இடத்தைக் குறித்தால் இலவசமாகக் கிடைக்கும். பன்னிரண்டில் மிகக் குறைந்த மாதத்தை எடுங்கள். அது 3.5 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம்.

பேனலில் எழுதிய வாட் முழுதாக வீட்டுக்குள் வராது. வெப்பம், தூசி, ஒயர், பேட்டரி சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், இன்வெர்ட்டர் எல்லாம் கழித்தால் முக்கால் பங்கு என்று எடுத்துக்கொள்ளலாம். இதில் வெப்பம் பெரிய திருடன். பேனலின் வாட் குறிக்கப்படுவது செல் 25 டிகிரியில் இருக்கும்போது. உச்சி வெயிலில் செல் 60 டிகிரியைத் தொடும்; டிகிரிக்கு 0.35 சதவீதம் என்றால் 12 சதவீதம் போய்விட்டது. கூரையோடு ஒட்டாமல் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டால் காற்றோட்டத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்.

5.2ஐ 3.5ஆலும் 0.75ஆலும் வகுத்தால் 1.98. ஆக 2 கிலோவாட் பேனல். இந்தக் கணக்குக் கடைக்காரர்களும் போடுவார்கள். மேகம் மூடும் நாளைத்தான் விட்டுவிடுவார்கள்.

இரண்டு மூட்டமான பகல் என்றால் மூன்று இரவு

கனத்த மேகம் மூடிய நாளில் 1 மணி நேர வெயிலுக்குச் சமமாகக் கிடைத்தால் பெரிது. 2 கிலோவாட் பேனல் அன்று 1.5 யூனிட்தான் தரும். இப்படி அடுத்தடுத்து இரண்டு நாள் வந்தால் பேட்டரி எவ்வளவு தாங்க வேண்டும்? பலர் ஒரு நாள் பற்றாக்குறையை இரண்டால் பெருக்கி நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் பேட்டரி நிறைந்திருப்பது மூட்டத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம். மறுபடி வெயில் வருவது மூன்றாம் இரவு கழிந்து. இடையில் இரண்டு பகல், மூன்று இரவு, மொத்தம் 60 மணி நேரம்.

மூன்று இரவுக்கு 7.5, இரண்டு பகலுக்கு 5.4, ஆக 12.9 யூனிட் செலவு. வரவு 3. பற்றாக்குறை 9.9. லித்தியம் பேட்டரியில் 80 சதவீதத்தைத்தான் எடுப்போம், இன்வெர்ட்டரில் 10 சதவீதம் போகும் என்று கொண்டால், 9.9ஐ 0.72ஆல் வகுக்க வேண்டும்: 13.75 யூனிட். 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேக் ஒன்று 5.12 யூனிட் கொள்ளும். மூன்று பேக் வேண்டும்.

அந்த இரண்டு நாளும் மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் போடாமல் விட்டால்? 2.5 யூனிட் குறைந்து 7.4. அதற்கு 10.3 யூனிட் பேட்டரி. இரண்டு பேக் போதும். மேல்தொட்டி மூன்று நாளுக்குத் தாங்கும் அளவில் இருந்தால் இது சிரமமே இல்லை. பேட்டரியைவிடத் தொட்டி மலிவு.

அந்த 60 மணி நேரத்தில் காற்றாடி ஒன்று நாளைக்கு 1.5 யூனிட் கொடுத்தால்? 3.75 கழிந்து 3.65. பேட்டரி 5.07 யூனிட். ஒரே பேக்.

மூன்று, இரண்டு, ஒன்று. காற்றாடிக்காரர்கள் கடைசிப் படியை மட்டும் காட்டி விற்பார்கள். நீங்கள் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். காற்றாடிக்குப் பதில் பேனலை 4 கிலோவாட் ஆக்கினால் மூட்டமான இரண்டு நாளிலும் கூடுதலாக 3 யூனிட் வரும். பற்றாக்குறை 4.4. ராத்திரி ஒரு ஃபேனை நிறுத்தி, டிவியைக் குறைத்துச் சற்று இழுத்துப் பிடித்தால் இதுவும் ஒரே பேக்கில் அடங்கிவிடும். பேனலுக்குக் கோபுரம் வேண்டாம், பேரிங் கிடையாது, இரைச்சல் இல்லை. ஆகவே சின்ன அளவில் காற்றாடி தன் இடத்தைச் சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டும். அது ஜெயிக்கிற இடங்களும் உண்டு: மூட்டம் இரண்டு நாளில் விலகாமல் வாரக்கணக்கில் நீடித்து, அப்போதே காற்றும் பலமாக அடிக்கிற பருவம் உள்ள இடம்; குளிர்காலப் பகல் மிகக் குறுகிப் போகும் உயர் அட்சரேகைப் பகுதி; இடத்தட்டுப்பாட்டால் மேற்கொண்டு பேனல் வைக்க முடியாத கூரை; இரவு லோடு அதிகமுள்ள பணி.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு தாளில் பன்னிரண்டு மாதத்தை வரிசையாக எழுதி, பக்கத்தில் சோலார் யூனிட், அதற்குப் பக்கத்தில் காற்று யூனிட் போடுங்கள். ஒன்று இறங்கும் மாதத்தில் மற்றது ஏறினால் இரண்டும் நல்ல ஜோடி. இரண்டும் சேர்ந்தே இறங்கினால் காற்றாடிப் பணத்தை வேறெதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றை அளக்காமல் வாங்காதீர்கள்

காற்றின் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் போகிறது. வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு. கடல் மட்டத்தில் ஒரு சதுர மீட்டர் வழியே விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போகும் காற்றில் இருப்பது 16 வாட்தான். 5 மீட்டரில் 76. 10 மீட்டரில் 612. அதிலும் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்தக் காற்றாடியாலும் எடுக்க முடியாது என்று 1919இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஆல்பெர்ட் பெட்ஸ் காட்டிவிட்டார். வீட்டளவுச் சின்னக் காற்றாடி நடைமுறையில் கால் பங்கு எடுத்தால் நல்ல காற்றாடி. 3 மீட்டர் விட்டம் என்றால் பரப்பு 7 சதுர மீட்டர். 4 மீட்டர் வேகத்தில் அது தருவது 70 வாட், நாளைக்கு 1.6 யூனிட் சொச்சம். பெட்டியில் "1000 வாட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அது 11, 12 மீட்டர் வேகத்துக்கான எண். நீங்கள் பார்க்க வேண்டியது வாட் எண்ணை அல்ல, விட்டத்தை.

இந்த மும்மடிக் கணக்கில் ஒரு நன்மையும் ஒளிந்திருக்கிறது. சராசரி 5 மீட்டர் என்று இரண்டு இடங்கள். ஒன்றில் நாள் முழுக்க ஒரே சீராக 5. மற்றதில் பாதி நேரம் 2, பாதி நேரம் 8. முதல் இடத்தில் 5இன் மும்மடி 125. இரண்டாவதில் 8, 512 இரண்டின் சராசரி 260. ஒரே சராசரி, சக்தி இரட்டிப்பு! அதனால்தான் சராசரியை மட்டும் காட்டும் கைமீட்டர் போதாது. மணிக்கு மணி வேகத்தைப் பதிவு செய்யும் கருவியோடு (லாகர்) கூடிய கிண்ண வகைக் காற்றுமானியை, காற்றாடி வைக்கப்போகும் உயரத்திலேயே நிறுத்தி, காற்றுப் பருவம் ஒன்றும் அசமந்தப் பருவம் ஒன்றும் கழியும் வரை விடுங்கள். குளோபல் விண்ட் அட்லஸ் நல்ல ஆரம்பம். ஆனால் உங்கள் மரமும் பக்கத்துக் கட்டடமும் அதற்குத் தெரியாது. அளந்த ஆண்டுச் சராசரி 5 மீட்டருக்குக் கீழே இருந்தால் நான் பேனலைக் கூட்டச் சொல்வேன்.

உயரம் பற்றி ஒரு சுலபமான சோதனை. பட்டம் ஒன்றின் நூலில் 3 மீட்டருக்கு ஒன்றாக நீள நாடாக்களைக் கட்டிப் பறக்க விடுங்கள். மின்கம்பிகள் இல்லாத திறந்த இடமாக இருக்க வேண்டும். கீழ் நாடாக்கள் அங்குமிங்கும் தத்தளித்துச் சுருண்டு விழும். ஒரு உயரத்துக்கு மேலே இருப்பவை மட்டும் ஒரே பக்கமாக நீண்டு விறைப்பாகப் படபடக்கும். காற்றாடிச் சிறகின் கீழ்முனை அந்த உயரத்துக்கு மேலே இருக்க வேண்டும். மரம், கட்டடம் போன்ற தடை ஒன்றின் பின்னால் காற்றின் கலக்கல் அதன் உயரத்தைப் போல் இருபது மடங்கு தூரத்துக்கும், இரு மடங்கு உயரத்துக்கும் பரவும். எண்ணாகச் சொன்னால், 150 மீட்டர் சுற்றளவில் உள்ள எதைவிடவும் சிறகின் கீழ்முனை 10 மீட்டர் மேலே. திறந்த வெளியில் 10 மீட்டரிலிருந்து 30 மீட்டருக்கு ஏற்றினால் வேகம் 17 சதவீதம் கூடும், சக்தி 60 சதவீதம். வீட்டுக் கூரை மேலேயே நிறுத்த வேண்டாம். கலக்கலும் கிடைக்கும், அதிர்வு சுவருக்குள்ளும் இறங்கும். கோபுரச் செலவு காற்றாடியைத் தாண்டும் என்று இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சாய்த்து இறக்கக்கூடிய, ஸ்டே கம்பி (கோபுரத்தைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் கம்பி) கட்டிய கோபுரமாக எடுங்கள். ஏறிப் பார்க்க வேண்டிய கோபுரத்தில் பராமரிப்பு நடக்காது.

எந்த பேட்டரி

வாங்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஆயுள் முழுக்க எத்தனை யூனிட்டை உள்ளே வாங்கி வெளியே தரும் என்று பாருங்கள். 5.12 யூனிட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேக்கில் ஒவ்வொரு முறையும் 80 சதவீதம் எடுத்து 4000 சுழற்சி (ஒருமுறை ஏறி இறங்குவது ஒரு சுழற்சி) ஓட்டினால் 16,400 யூனிட். அதே அளவு ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. 800 சுழற்சி என்றால் 2,050 யூனிட். லித்தியம் விலை 100, ஈயம் 40 என்று வைத்தால்கூட, 1000 யூனிட்டுக்கு லித்தியம் 6, ஈயம் 19க்கு மேல். தவிர ஈயத்தில் போட்டதில் 75 முதல் 85 சதவீதம்தான் திரும்ப வரும். மூட்ட நாட்களில் அரைகுறையாக சார்ஜ் ஆகிக் கிடந்தால் தகட்டில் சல்பேட் படியும். எப்போதாவது மின்தடை வரும் இடத்தில், வருடத்தில் சில தடவை மட்டும் இறங்கும் பேட்டரி என்றால் ஈயம் போதும். தினமும் ஏறி இறங்குவது என்றால் வேண்டாம்.

சூடு ஈயத்துக்கு எமன்: 25 டிகிரிக்கு மேலே ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். லித்தியத்துக்குக் குளிர் ஆகாது; 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது.

பேட்டரியைச் சின்னதாக்கி, பேனலைப் பெரிதாக்கும்போது இன்னொன்றும் வரும். 100 ஆம்பியர்-மணி பேக்கை 50 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் செய்யாமல் இருப்பது அதன் ஆயுளுக்கு நல்லது. 4 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் 60, 70 ஆம்பியரைத் தள்ளிவிடும். அதோடு காற்றாடியும் 15, 20 ஆம்பியர் தரும். ஒரு கன்ட்ரோலருக்கு இன்னொன்று இருப்பதே தெரியாது. ஆகவே சோலார் கன்ட்ரோலரின் அதிகபட்ச மின்னோட்டத்தை 30 ஆம்பியரில் கட்டிப்போடுங்கள். அப்படிச் செய்தால் உச்சி வெயிலில் கொஞ்சம் வீணாகும். ஆகட்டும். அந்தப் பேனலை வாங்கியது மூட்டமான நாளுக்காக.

இணைப்பது

12 வோல்ட்டில் பெரிய அமைப்பு வேண்டாம். 1200 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 100 ஆம்பியர் ஓடும், 48 வோல்ட்டில் 25. (மேலே சொன்ன 51.2 வோல்ட் பேக் 48 வோல்ட் வகைதான்.) அதே ஒயரில் இழப்பு பதினாறில் ஒரு பங்கு.

பேனல், அதிலிருந்து அதிகபட்ச சக்தியைக் கறக்கும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் வழியாகவும், காற்றாடி, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர், தனக்கென்று ஒரு கன்ட்ரோலர் இரண்டின் வழியாகவும் ஒரே 48 வோல்ட் பஸ்பாரில் (எல்லா இணைப்பும் சேரும் உலோகப் பட்டை) வந்து சேர வேண்டும். அங்கிருந்து பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும். சோலார் கன்ட்ரோலரிலேயே காற்றாடியையும் மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பேனலை நடுப்பகலில் துண்டித்தால் ஒன்றும் ஆகாது. மின்னழுத்தத்தோடு சும்மா இருக்கும். காற்றாடியை லோடு இல்லாமல் விட்டால், செயின் அறுந்த சைக்கிள் பெடல் மாதிரி பிடிமானம் இல்லாமல் சுற்றி, வேகம் ஏறிக்கொண்டே போகும். ஒன்று சிறகு போகும், அல்லது ஏறும் மின்னழுத்தத்தில் ரெக்டிஃபையர் போகும்.

அதற்குத்தான் டம்ப் லோடு. பேட்டரி நிறைந்ததும் காற்றாடியின் மின்சாரத்தைத் தின்பதற்கு ஒரு பெரிய மின்தடை, அல்லது தண்ணீர் சூடாக்கும் டிசி ஹீட்டர். காற்றாடி 1000 வாட் என்றால் 56 வோல்ட்டில் 3 ஓம் சரியாக வரும். தடையின் வாட் தாங்குதிறன் காற்றாடியைவிடக் குறைந்தது கால் பங்கு அதிகம் இருக்க வேண்டும். லித்தியத்தோடு சேர்க்கும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது: பேக்குக்குள் செல்களைக் காவல் காக்கும் பி.எம்.எஸ். என்ற மின்னணுப் பலகை, ஏதாவது ஒரு செல் 3.65 வோல்ட்டைத் தொட்டால் பேட்டரியையே துண்டித்துக்கொள்ளும். அந்த நொடியில் காற்றாடியின் மின்சாரம் முழுக்க பஸ்பாரில் தவித்து, அதில் மாட்டியிருக்கும் இன்வெர்ட்டரையும் தாக்கும். ஆகவே டம்ப் லோடு பேட்டரி இல்லாவிட்டாலும் வேலை செய்யும்படி, காற்றாடியின் கன்ட்ரோலர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 16 செல் பேக்கில் நான் சோலாரை 55.2 வோல்ட்டில் அடங்கச் சொல்லி, டம்ப் லோடை 56.5 அருகே வைப்பேன். அப்போது முதலில் சோலார் பின்வாங்கும்; டம்ப் லோடு கடைசியில்தான் வேலைக்கு வரும். உங்கள் பேக்கோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

காற்றாடியிலிருந்து வரும் மூன்று ஃபேஸ் ஒயரையும் ஒன்றோடொன்று சேர்த்து அதை நிறுத்தும் பிரேக் சுவிட்சும் கீழே கைக்கெட்டும் உயரத்தில் வேண்டும். புயல் வருமுன் போட வேண்டியது அது. காற்று உச்சத்தில் இருக்கும்போது போட்டால் சுருள் கருகும்.

பேனல்களைத் தொடராக இணைக்கும்போது குளிர்ந்த விடியலை நினைத்துக்கொள்ளுங்கள். திறந்த சுற்று மின்னழுத்தம் (லோடு இல்லாதபோது இருப்பது) 48 வோல்ட் உள்ள பேனல் மூன்று, 144 வோல்ட். கன்ட்ரோலர் எல்லை 150, சரிதானே? 5 டிகிரி விடியலில், டிகிரிக்கு 0.27 சதவீதம் ஏறி, 151.8. கன்ட்ரோலர் போயிற்று, உத்தரவாதமும் போயிற்று.

டிசி பக்கம் டிசி பிரேக்கர்தான். ஏசி விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானே அணையும். டிசியில் அணையாது, ஏசி பிரேக்கர் உள்ளே எரிந்துகொண்டே இருக்கும். பேட்டரி முனையை ஒட்டி, லித்தியத்தின் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டத்தைத் தாங்கும் Class T ஃபியூஸ். கோபுரம், பேனல் சட்டம், இன்வெர்ட்டர் மூன்றுக்கும் எர்த்திங் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். மின்னல் தடுப்பான் இரு பக்கமும். இந்தப் பத்தியில் உள்ளதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் கையால் செய்யுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று சரிபார்க்கலாம்.

ஊர் லைன் இருந்தால்

மேலே சொன்ன பேட்டரிக் கணக்கு பாதிக்கு மேல் தேவையில்லை. மிச்சத்தை லைனுக்குத் தள்ளி, குறையை லைனிலிருந்து எடுக்க விதி இடம் கொடுத்தால் அதுதான் மலிவான சேமிப்பு. பேட்டரியை நீண்ட மின்தடைக்கும், கட்டணம் உச்சத்தில் இருக்கும் மணிநேரத்துக்கும் மட்டும் அளவெடுங்கள். லைனோடு சேர்ந்தே ஓடும் சாதாரண கிரிட்-டை இன்வெர்ட்டர், லைன் போனதும் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவர் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். மின்தடையிலும் ஓட வேண்டும் என்றால் லைனோடும் பேட்டரியோடும் வேலை செய்யும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் கேளுங்கள்.

கடைசிப் பத்து சதவீதம்

கேனரித் தீவுகளில் எல் ஹியேரோ என்ற சின்னத் தீவு 2014இல் 11.5 மெகாவாட் காற்றாலையை, எரிமலை வாய் ஒன்றைத் தொட்டியாக்கிய நீரேற்று நிலையத்தோடு சேர்த்தது. நல்ல காற்றுக் காலத்தில் நாள்கணக்காக டீசல் இல்லாமல் ஓடியிருக்கிறது. ஆனாலும் ஆண்டு முழுவதற்கும் பார்த்தால் தேவையில் சுமார் பாதியைத்தான் அது தருகிறது. டீசல் நிலையத்தை அவர்கள் மூடவில்லை. வீட்டிலும் இதே கதைதான். தேவையில் 90 சதவீதத்தைச் சூரியனும் காற்றும் ஓரளவு பேட்டரியும் மலிவாகத் தந்துவிடும். மிச்சம் 10 சதவீதத்தையும் அவற்றிடமே கறக்கப் போனால் வருடத்தில் சில நாள் மட்டும் வேலை செய்யும் பேட்டரியை அடுக்க வேண்டி வரும். அதற்குப் பதில் ஒரு சின்ன ஜெனரேட்டரை, பேட்டரியை நேராக சார்ஜ் செய்யும்படி இணைத்து வையுங்கள். வருடத்துக்குச் சில மணி நேரம் புகைவதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஓடத் தொடங்கிய பிறகு

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரில் ஷன்ட் (ஓடும் மின்னோட்டத்தை அளக்க உதவும் சின்ன மின்தடை) வைத்த மானிட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். லித்தியத்தின் மின்னழுத்தம் பெரும்பகுதி நேரம் ஒரே இடத்தில் நிற்கும். 40 சதவீதத்துக்கும் 60க்கும் வித்தியாசம் வோல்ட்மீட்டரில் தெரியவே தெரியாது. ஷன்ட் உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணிச் சொல்லும். மூட்டமான பருவத்தில் தினமும் விடியற்காலை அந்த எண்ணைக் குறித்து வாருங்கள். மூன்றாவது விடியலில் 20 சதவீதத்துக்கு மேலே நின்றால் கணக்குச் சரி.

பேனலைத் துடைப்பது, ஒயர் முனையில் உள்ள லக்குகளை வருடம் ஒருமுறை இறுக்குவது எல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்டே கம்பியை மட்டும் முதல் பெருங்காற்று கழிந்ததும் பாருங்கள். புதுக் கம்பி நீளும். கம்பியை இறுக்கும் டர்ன்பக்கிளைத் திருகி நேராக்கி, மறுபடி அவிழாதபடி கம்பியால் கட்டிவிடுங்கள்.

இரண்டாவது பேக் வேண்டும் என்று எண்கள் சொன்னால் அதே தயாரிப்பு, அதே கொள்ளளவு வாங்கி, இரண்டையும் தனித்தனியே முழுதாக சார்ஜ் ஏற்றி, மின்னழுத்த வித்தியாசம் 0.1 வோல்ட்டுக்குள் வந்த பிறகே பேரலலாக (பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ்) இணைத்துவிடுங்கள். முதல் நாளே பஸ்பாரில் இரண்டு போல்ட்டைக் காலியாக விட்டிருந்தால் வேறு எதையும் கழற்ற வேண்டி வராது.